ஆத்தாவிடம் பேசிய பேரம்

ஜெயச்சந்திரன் அண்ணாச்சி பேரம் பேசாமல் வீட்டுக்குள் விட்ட சரக்கு என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கு நாலு கால், ஒரு வால்.

மற்ற எல்லாவற்றுக்கும் பேரம்தான். கல்யாணத்தன்று, தீயை மூணு சுத்து சுத்தி வரணும் என்று சொன்னவரிடம், "ரெண்டுல முடிச்சுக்கிருவோமே, பந்திக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்கு" என்று கேட்டவர். மனைவி யோகேஸ்வரி இன்றைக்கும் சண்டை என்று வந்தால் அந்த மூணாவது சுத்தில்தான் ஆரம்பிப்பாள். ஜோசியர் ஏழரைச் சனி என்று சொன்னபோது, "அந்த அரையைத் தள்ளிட்டு ஏழாப் போட்டுக்கோங்க" என்றார். ரெண்டு பல்லைப் பிடுங்கணும் என்ற பல் டாக்டரிடம், "ஒன்னைப் பிடுங்குங்க, இன்னொன்னைச் சும்மா மிரட்டி விடுங்க" என்றார். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் பட்டாசு மொத்தக் கடை வைத்துக்கொண்டு, தீபாவளி சீசனில் ஊர் ஊராக வருகிற வியாபாரிகளோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் வேறு எப்படித்தான் இருப்பார்?

குட்டி வந்தது ஆடி மாசத்தில். கிஃப்ட் பாக்ஸ் போடுவதற்குக் காலி அட்டைப் பெட்டி லோடு வந்து இறங்கியிருந்தது. பாக்கிங் பார்க்கிற பொன்னுத்தங்கம் ஒரு கட்டைப் பிரித்தவள், பிரித்த கையோடு கூப்பிட்டாள்.

"மொதலாளி, பெட்டிக்குள்ள பூனைக்குட்டி!"

"எத்தனை?"

"ஒன்னுதான்."

"ஒன்னே ஒன்னு எதுக்கு அனுப்பியிருக்கான்? சாம்பிளா?"

பேர் அப்படியே நின்றுவிட்டது. சாம்பிள். வெள்ளையில் மஞ்சள் திட்டு, ஒரு காது மட்டும் கறுப்பு. மிச்சமான மையை எல்லாம் ஒரே தாளில் ஓட்டிப் பார்த்த மாதிரி ஒரு பிரிண்டிங். அட்டைப் பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டு, "உங்க சரக்குல ஒரு உருப்படி கூடுதலா வந்துருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி. "வச்சுக்கோங்க அண்ணாச்சி, அதுக்குப் பில்லு கிடையாது" என்றான் அவன். பில்லு கிடையாது என்றதும் அண்ணாச்சியின் மனசு இளகிவிட்டது. அன்று சாயங்காலம் அது கடைக்கு எதிர்த்த சந்திலிருக்கும் வீட்டுக்கு அவருடைய துண்டுக்குள் சுருண்டபடி போய்ச் சேர்ந்தது.

அதுவரைக்கும் அவர் பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு சொம்பு தண்ணி குடித்து, அரை மணி உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புகிற ஆள். இப்போது கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவிலேயே பூனை பத்துத் தடவை குறுக்கே போகிறது. ஒவ்வொரு தடவைக்கும் உட்கார்ந்தால் சீசனே முடிந்துவிடும். யோசித்துப் பார்த்து அண்ணாச்சி சகுனத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். "பாதையில குறுக்க போனாத்தான் சகுனம். காலுக்கு ஊடால போனா அது நம்ம ஆளு."

கடையிலும் அதற்கு வேலை இருந்தது. கல்லா மேஜையில் கால்குலேட்டரைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும். வியாபாரி ஒருத்தன் விலையைக் குறைத்துக் கேட்கிற நேரம் பார்த்து, வாயைக் காது வரைக்கும் பிளந்து கொட்டாவி விடும். "பாத்தீகளா?" என்பார் அண்ணாச்சி. "அதுக்கே சிரிப்பு வருது. ஏறி வாங்க." எதிர்த்தாப்பில் பேப்பர் கடை வைத்திருக்கும் செய்யது அபுதாஹிர், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, இதற்கென்றே டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வேடிக்கை பார்ப்பார்.

"ஏலே ஜெயச்சந்திரா, உன் கடையில விவரமான ஆளு அது ஒன்னுதான்லே. எனக்குக் குடுத்துரு."

"என்ன தருவ?"

"தினம் மீன் தலை தருவேன்."

"அதைத்தான் இப்பவே தந்துக்கிட்டு இருக்கியே. புதுசா என்ன தருவ?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு காலையில் அண்ணாச்சி வீட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டியவர், நின்றார். காலுக்கு நடுவில் எதுவும் வரவில்லை. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யோகேஸ்வரி உள்ளே இருந்து, "என்னங்க, பூனை குறுக்க போச்சா?" என்று கேட்டாள்.

"போகல. அதான் நிக்கேன்."

குட்டி அடுப்படி மூலையில் சாக்கு மேல் கிடந்தது. பால் தட்டு வைத்தபடி இருந்தது. பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தது. தூக்கினால் ஈரத்துண்டு மாதிரி கையில் தொங்கியது. அண்ணாச்சி அன்றைக்குக் கடையைத் திறக்கச் சாவியைப் பொன்னுத்தங்கத்திடம் எறிந்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போனார். யோகேஸ்வரி பின்சீட்டில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் காளீஸ்வரன் அந்தப் பக்கத்து ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் பழக்கமானவர். குட்டியை மேஜையில் கிடத்தி, வயிற்றைத் தடவி, ஈறை விரித்துப் பார்த்தார்.

"வைரஸ் அண்ணாச்சி. குட்டிகளுக்கு வந்தா மளமளன்னு இழுத்துட்டுப் போயிரும். இதுக்குத் தடுப்பூசி போடுற வயசுகூட இன்னும் வரல. குளுக்கோஸ் ஏத்துறேன், ஊசி போடுறேன். இங்கனயே விட்டுட்டுப் போங்க."

"பொழைச்சுருமா?"

"நூத்துக்கு இருபதுன்னு வச்சுக்கோங்க."

ஒரு எண் காதில் விழுந்தால் அண்ணாச்சிக்கு முதுகு தானாக நிமிரும். அவர் குற்றம் இல்லை, வளர்ப்பு அப்படி.

"இருபது ரொம்பக் கம்மி டாக்டர்."

"நோய் அப்படி அண்ணாச்சி."

"நாப்பதாப் போடுங்க."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன், போட்டுக் குடுக்க?"

"நான் என்ன அசலூரா? உங்க அப்பா காலத்துல இருந்து பழக்கம். முப்பத்தஞ்சு."

"குட்டி கிடக்கிற கிடையைப் பாத்துத்தானே சொல்ல முடியும்..."

"முப்பது. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது டாக்டர்."

டாக்டர் வாசலைப் பார்த்தார். வயிறு ஊதின ஆடு ஒன்று, காதில் கட்டுப் போட்ட நாய் ஒன்று, அதுகளோடு வந்த ஜனம். "சரி, இருபத்தஞ்சு. கிளம்புங்க" என்றார்.

அண்ணாச்சி வெளியே வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது. "இருபதுன்னுதான் ஆரம்பிச்சாரு. இருபத்தஞ்சுக்கு ஏத்திட்டேன்."

"ஏங்க, உசுரு பொழைக்கிறதுலயுமா பேரம் பேசுனீக?"

"பின்ன? கேக்காம எவன் குடுப்பான்?"

யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். கார் ஊர் எல்லையைத் தாண்டினதும் மெதுவாகச் சொன்னாள். "முப்பதுலயே பிடிச்சு நின்னுருக்கலாம்."

அந்தச் சொல்தான் அண்ணாச்சியை உறுத்தியது. காரை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, இருக்கன்குடி எந்தத் திசை என்று குத்துமதிப்பாகப் பார்த்து, கையைக் குவித்தார்.

"ஆத்தா மாரியாத்தா, அந்தக் குட்டி எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டா, உன் வாசல்ல வந்து மொட்டை போடுறேன். மீசையும் சேத்து."

உள்ளே இருந்த யோகேஸ்வரி தலையை வெளியே நீட்டி, "மீசையுமா?" என்றாள். அந்த மீசை அப்படி இப்படிப்பட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அது அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது என்று அவளுடைய அக்கா இன்றைக்கும் சொல்வாள். அதைவிடப் பெரிய விஷயம், அது கடைக்கு வேண்டிய சாமான். மொட்டையும் மழித்த மீசையுமாகச் சீசன் நேரத்தில் ஒரு வியாபாரி கல்லாவில் உட்கார்ந்தால், வீட்டில் சாவு, துட்டி விழுந்திருக்கிறது என்று வருகிறவன் நினைப்பான். துட்டி விழுந்த வீட்டுக்காரன் நொடிந்திருப்பான், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவான் என்று கணக்குப் போட்டு அமுக்குவான். ஆக, அண்ணாச்சி ஆத்தாவுக்கு எழுதிக்கொடுத்தது வெறும் மயிர் இல்லை.

மத்தியானம் டாக்டரிடமிருந்து போன். குட்டி தலையைத் தூக்கிப் பார்த்ததாம்.

அண்ணாச்சி நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். யாரும் பக்கத்தில் இல்லை. "ஆத்தா, ரொம்ப சந்தோஷம். அந்த மொட்டையை மட்டும் தீபாவளி கழிச்சு வச்சுக்கிருவோமா? இப்போதைக்கு மீசை. மீசை உறுதி."

சாயங்காலம் இன்னொரு போன். பஞ்சில் நனைத்துக் கொடுத்த தண்ணியை நக்கியதாம்.

"ஆத்தா, மீசைன்னா முழு மீசைதான்னு இல்லையே? ரெண்டு ஓரத்தையும் நறுக்கிட்டா அதுவும் மீசை குடுத்த கணக்குத்தானே. மதுரைக்காரன் வேற அடுத்த வாரம் வர்றான். உனக்குத் தெரியாததா?"

விளக்கு வைக்கிற நேரம் டாக்டர் மறுபடி கூப்பிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, உங்க ஆளு ஊசி போட வந்த என் கையைப் பிராண்டி வச்சிருச்சு."

பிராண்டிவிட்டதா? அண்ணாச்சிக்கு நெஞ்சு பொங்கியது. வியாபாரி ரத்தம் ஓடுகிற உயிர் அது, சும்மா விடுமா. சந்தோஷத்தில் அவர் ஆத்தாவிடம் கடைசி விலையைப் பேசி முடித்தார்: பூமுடி. உச்சியில் ஒரு கொத்து. பொம்பளைகள் கொடுக்கிறதுதானே, ஆம்பளை கொடுத்தால் ஆத்தா வேண்டாம் என்றா சொல்வாள்? "இதுக்கு மேல இறங்கச் சொன்னாலும் நான் இறங்க மாட்டேன் ஆத்தா, இது நியாயமான ரேட்டு" என்று அவரே இறக்கி அவரே நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை அவர் சொல்லவும் இல்லை, அண்ணாச்சி கேட்கவும் இல்லை.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புதைக்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்குப் பஞ்சமில்லாத கடை. ஆனால் எடுத்த முதல் பெட்டியிலேயே ஒரு புலி வாயைப் பிளந்து நின்றது. பொன்னுத்தங்கம் கண்ணைத் துடைத்தபடி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.

"இது?"

"'காதைக் கிழிக்கும் ஓசை'ன்னு போட்டுருக்கு. வேண்டாம்" என்றாள் யோகேஸ்வரி.

"இது?"

"ராக்கெட்டு. குட்டியை அதுல வச்சா எங்கன போறதுன்னு அதுக்கே தெரியாது."

"இதுல குழந்தை படம்தான் இருக்கு."

"திருப்பிப் பாரு. 'குழந்தைகள் கையில் கொடுக்காதீர்'னு போட்டுருக்கான்."

கடைசியில் அபுதாஹிர் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய், எழுத்தே இல்லாத ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியைத் தன் கடையிலிருந்து கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குழி தோண்டினதும் அவர்தான். மண்ணைத் தள்ளும்போது, "மீன் தலைக்கு இனி யாரு இருக்கா" என்று ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் மண்வெட்டியைப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்துவிட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அண்ணாச்சி அழவில்லை. உச்சந்தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

கடையில் வினை மறுநாள் ஆரம்பித்தது. ராஜபாளையத்துக்காரர் ஒருவர் வந்தார். பத்து வருஷப் பழக்கம். அணுகுண்டு, சரவெடி, புஸ்வாணம் என்று ஆர்டரைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் வாய்க்கு வந்த அடிமாட்டு விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, அண்ணாச்சி துள்ளி எழுந்து கத்தப்போகிறார் என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அண்ணாச்சி அவரை வெறித்துப் பார்த்தார். "சரி" என்றார்.

"என்ன சரி?"

"நீங்க சொன்னதே சரி. எடுத்துட்டுப் போங்க."

ராஜபாளையத்துக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பொன்னுத்தங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "போன வருஷச் சரக்கா தாயி? மழையில நனைஞ்சுதா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று சத்தியம் செய்தும் நம்பாமல், "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பியவர் வேறு கடைக்குப் போய், அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து நிம்மதியாக வாங்கிப்போனதாகச் சாயங்காலம் தகவல் வந்தது.

அடுத்து வந்தவருக்கும் 'சரி'. அதற்கு அடுத்தவருக்கும் 'சரி'. சரி, சரி என்று சொல்லச் சொல்ல ஆட்கள் ஓடினார்கள். ஜெயச்சந்திரன் கடைச் சரக்கில் ஏதோ கோளாறு என்று சாத்தூர் வரைக்கும் பேச்சு போய்விட்டது. யோகேஸ்வரி தலைமாட்டில் திருநீறு வைத்துப் பார்த்தாள். காய்காரி சொன்ன விலைக்கே அவர் கத்தரிக்காய் வாங்கி வந்த அன்று, அவள் பயந்தே போய் அபுதாஹிரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஏலே, என்னலே ஆச்சு உனக்கு?" அபுதாஹிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாயில இருந்து பேரத்தைப் பிடுங்கிட்டு வேற ஏதும் வச்சுட்டாகளா?"

அண்ணாச்சி கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தாகிரு, அந்தக் குட்டியை நான்தாண்டா கொன்னுட்டேன்."

"என்னது!"

எல்லாவற்றையும் சொன்னார். மொட்டையும் மீசையும் என்று பேசியது, மொட்டையைத் தள்ளிப் போட்டது, மீசையில் ஓரம் நறுக்கியது, கடைசியில் ஒரு கொத்தில் வந்து நின்றது. "தலையைத் தூக்குனப்ப நான் வாயை மூடியிருந்தா அது பொழைச்சிருக்கும்டா. நான் இறங்க இறங்க அதுவும் இறங்கிருச்சு. இனிமே எவன்கிட்டயும் நான் குறைச்சுக் கேக்கப் போறதும் இல்ல, கூட்டிச் சொல்லப் போறதும் இல்ல. என் நாக்கு ஒரு உசுரைக் குடிச்ச நாக்கு."

அபுதாஹிருக்குச் சிரிப்பும் வந்தது, அதை அடக்க இருமலும் வந்தது. "ஏலே, உங்க ஆத்தாவை நீ எம்புட்டு மட்டமா நினைச்சுட்ட? ஊரு ஜனம் அம்புட்டும் கும்பிடுற தெய்வம். உன் மீசையில ஓரம் குறைஞ்சுபோச்சுன்னு ஒரு பச்சக் குட்டி உசுரையா எடுக்கும்? அதென்ன உன்ன மாதிரி யாவாரியா?"

"பின்ன ஏன்டா போச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? வைத்தியம் பாத்தவர்ட்ட போய்க் கேளு."

அண்ணாச்சி கேட்கப் போனார். டாக்டர் காளீஸ்வரன் அவரை உட்காரவைத்துத் தண்ணி கொடுத்தார்.

"டாக்டர், ஒளிக்காமச் சொல்லுங்க. இருபத்தஞ்சுன்னு பேசி முடிச்சோமே, அது எப்பக் குறைய ஆரம்பிச்சுது? மத்தியானமா, சாயங்காலமா?"

டாக்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. இருபத்தஞ்சுங்கிறது நீங்களா வாங்குனது."

"நீங்க இருபது சொன்னீகளே?"

"இந்த ஜில்லாவுல இத்தனை வருஷமா வைத்தியம் பாக்கேன். உங்க ஆளுககிட்ட உள்ளதைச் சொல்லி ஆரம்பிச்சா அங்கனயே நிக்க விடுவீகளா? கொஞ்சம் கூட்டித்தான் ஆரம்பிப்பேன். அது வந்தப்பவே உடம்புல ஒன்னும் இல்ல அண்ணாச்சி. சும்மா அஞ்சு, பத்து. அதுவும் என் ஆசைக்கு."

"தலையைத் தூக்குச்சே? பிராண்டுச்சே?"

"ஊசி மருந்துக்குக் கொஞ்சம் தெம்பு வரும். போகப்போற நேரத்துலயும் சிலது அப்படி முழிச்சுப் பாக்கும். ஆசையில போன் போட்டுட்டேன். என் தப்பு."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தன் அண்ணாச்சியிடம் கூட்டிச் சொல்லி, அதையும் அவர் மேலே ஏற்றி, வாங்கின சரக்கு வெறும் பெட்டி என்று தெரிந்துகொண்டு நிற்கிறார். அதில் ஏமாந்த கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்தாவும் இதில் இல்லை, மீசையும் இதில் இல்லை. அந்தக் குட்டி அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தது. குற்றம் என்று தூக்கிச் சுமக்க ஒன்று இருந்தவரைக்கும் கையில் ஒரு வேலை இருந்த மாதிரி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. குட்டி இல்லை, அவ்வளவுதான்.

கார் சிவகாசிப் பக்கம் திரும்பாமல் சாத்தூர் வழியாக இருக்கன்குடிக்குப் போனது.

மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணியைத் தெளித்துக்கொண்டே கேட்டார். "என்ன வேண்டுதல்ங்க? நடந்துருச்சா?"

"நடக்கல."

"நடக்கலைன்னா எதுக்கு முடி இறக்குறீக?"

அண்ணாச்சி யோசித்தார். "இது வேண்டுதலுக்கு இல்ல. துட்டிக்கு."

"யாருக்குங்க?"

"வீட்டுல ஒரு பிள்ளைக்கு."

அவர் தலையைக் குனியவைத்துக் கத்தியை ஓட்டினார். மீசைக்கு வந்தபோது மட்டும் கத்தியை நிறுத்தி, "இதுவுமா?" என்று கேட்டார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "ஆட்டாதீக, வெட்டிரும்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தபோது யோகேஸ்வரி யாரோ வெளியாள் என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அப்புறம் பார்த்து, "ஐயோ" என்றாள். "குட்டிதான் வரலையே, பின்ன எதுக்குங்க குடுத்தீக?" அவள் அந்த மழித்த மேலுதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டு நாளா அதுக்குப் பின்னால இம்புட்டு சின்ன மூஞ்சியா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்தபடியே அழுதாள்.

அடுத்த நாள் மதுரைக்காரர் வந்தார். லட்சுமிகாந்தம். சீசனில் அண்ணாச்சி கடையின் பாதிச் சரக்கு அவர் லாரியில்தான் ஏறும். இந்த வியாபாரமும் கைநழுவினால் தீபாவளிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார வேண்டியதுதான். அது அண்ணாச்சிக்கும் தெரியும், பொன்னுத்தங்கத்துக்கும் தெரியும். அவள் பாக்கிங்கை விட்டுவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அபுதாஹிரும் டீயோடு வந்துவிட்டார்.

லட்சுமிகாந்தம் செருப்பைக் கழற்றும்போதே நிமிர்ந்து பார்த்துவிட்டார். பளபளவென்று தலை. காலியான மேலுதடு. அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. சத்தமில்லாமல் வந்து எதிரே உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி... யாரு?"

வேண்டுதல் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கெத்தும் குறையாது, விலையும் குறையாது. அபுதாஹிர் 'சொல்லித் தொலைலே' என்று கண்ணைக் காட்டினார். உண்மையைச் சொன்னால் மதுரை மார்க்கெட் முழுக்க நாளைக்கே சிரிப்பு.

"பூனைக்குட்டிங்க" என்றார் அண்ணாச்சி.

"என்னது?"

"எங்க வீட்டுப் பூனைக்குட்டி. சாம்பிள்னு பேரு. ஒரு காது கறுப்பா இருக்கும். போன வாரம் தவறிருச்சு."

லட்சுமிகாந்தம் சிரிக்கவில்லை. வந்த டீயைக் கீழே வைத்தார். "சின்ன வயசா?"

"வயசுன்னு சொல்ல ஒன்னும் இல்லங்க. இப்பத்தான் பல்லே முளைச்சுது."

"ச்ச்சு" என்றார் அவர். துட்டி கேட்க வந்த வீட்டில் எப்படி உட்காருவாரோ அப்படி, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்தார். "சரி அண்ணாச்சி. இந்த வருஷம் என்ன ரேட்டு?"

அண்ணாச்சிக்கு 'நீங்க சொன்னதே சரி' என்று சொல்ல எதிராளி விலை எதுவும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் நாக்கு, பழைய வழக்கத்தில், வருஷா வருஷம் முதலில் சொல்கிற வானத்து விலையைச் சொல்லிவிட்டது.

"சரி" என்றார் லட்சுமிகாந்தம்.

பொன்னுத்தங்கம் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சரி?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சொன்ன ரேட்டுதான். துட்டி வீட்டுல உக்காந்து பேரம் பேசுறது முறையில்ல."

அண்ணாச்சிக்கு வேர்த்தது. அந்த விலைக்கு இந்த ஜில்லாவில் எவனும் எவனுக்கும் சரக்கு விற்றதில்லை. அது விற்கிறதுக்கான விலையே இல்லை. "ஐயா, அது சும்மா ஆரம்பிக்கிறதுக்குச் சொன்னதுய்யா. நீங்க அடிச்சுக் கேட்டாத்தானே நான் இறங்க முடியும்?"

"இருக்கட்டும். ஒரு வருஷம்தானே."

"இந்த ரேட்டுக்கு வாங்கிட்டுப் போனா உங்க கடை நிலைக்குமா? பிள்ளை குட்டிக்காரரு நீங்க."

"உங்க மனசு கஷ்டத்துல இருக்கு..."

"என் கஷ்டம் என்னோட இருக்கட்டும்ய்யா!" அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "அது போனதுல இருந்து எவனும் என்கிட்ட மனுஷன்கிட்டப் பேசுற மாதிரி பேசல. கும்பிட்டுக் கேக்குறேன், கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க!"

லட்சுமிகாந்தம் அவரைப் பார்த்தார். அபுதாஹிரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை மேலே மடக்கினார்.

"பாதி" என்றார்.

"பாதியா?" அண்ணாச்சியின் கண்ணிலிருந்து முதல் தடவையாகத் தண்ணி கொட்டியது, மீசை இல்லாததால் தங்குதடையில்லாமல் வாய்க்குள் போனது. "உமக்கு மனசாட்சி இருக்கா? வெடிமருந்து விலை என்னன்னு தெரியுமா? பேப்பர் என்ன விலை விக்கிதுன்னு இந்தா நிக்கிறானே, இவன்கிட்டக் கேளும்! பாதியாம்ல பாதி!"

"அழுதா ஏறிருவேன்னு நினைக்காதீக அண்ணாச்சி. பாதிக்கு மேல ஒரு பைசா கிடையாது."

"நான் ஒன்னும் அதுக்கு அழல. எந்திரிங்க. வேற கடையைப் பாருங்க."

"எந்திரிச்சா திரும்ப வர மாட்டேன்."

"வர வேண்டாம்! செருப்பை விட்டுட்டுப் போகாதீக!"

லட்சுமிகாந்தம் காரை நோக்கி நடந்தார். அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏலே தாகிரு, அவரைப் பிடிலே" என்றார் மெதுவாக.